சிவப்புக் கோடு போட்ட விலை

ஆடி பிறந்து நாலாவது நாள் கிருஷ்ணகிரிக்குப் போய் ஒரு குக்கர் வாங்கி வந்தேன். ஐந்து லிட்டர். பெட்டிமேல் 4,495 என்று அச்சடித்திருந்ததைச் சிவப்பு மார்க்கரால் குறுக்கே அடித்து, கீழே 2,699 என்று பெரிதாக எழுதியிருந்தார்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா எவ்வளவு என்று கேட்டாள். நான் விலையைச் சொல்லவில்லை. "ஆயிரத்து எண்ணூறு மிச்சம்மா" என்றேன். அம்மா குக்கரை ஒரு சுற்று திருப்பிப் பார்த்தாள், மூடியைத் தட்டிப் பார்த்தாள், அப்புறம் கையை நீட்டினாள்.

"சரி, அந்த ஆயிரத்து எண்ணூறை எடு. மளிகைக்காரனுக்கு பாக்கி நிக்குது, குடுத்துடலாம்."

பதில் சொல்லத் தெரியாமல் சிரித்து மழுப்பினேன். மூன்று நாள் கழித்து காவேரிப்பட்டணத்தில் ஒரு பாத்திரக் கடையில் அதே கம்பெனி அதே அளவு குக்கர் 2,550க்கு இருந்தது. ஆடி போர்டு இல்லை, சிவப்புக் கோடு இல்லை, கேட்டால் விலையைச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். இதை அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

இதில் எனக்கு வெட்கம் ஏன் என்றால், அந்தச் சிவப்புக் கோட்டை ஒரு காலத்தில் போட்டவனே நான்தான். இப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன், அதற்கு முன்னால் மூன்று வருஷம் கிருஷ்ணகிரியில் ஒரு ஜவுளிக் கடையில் இருந்தேன். கடைப் பெயர் வேண்டாம், அவர்கள் எனக்கு நல்லவர்களாகத்தான் இருந்தார்கள். ஆனி மாசக் கடைசி வாரம் எங்களில் நாலு பேருக்கு மாடி குடோனில்தான் வேலை. மின்விசிறி சுற்றும், காற்று வராது. புதுப்புடவைப் பசை வாசனை தலையைச் சுற்ற வைக்கும். ஒருவன் பழைய சீட்டைக் கிழிப்பான், ஒருவன் விலை மெஷினால் புதுச் சீட்டை அடிப்பான், நான் லிஸ்டைப் பார்த்துக் கூவுவேன்.

அந்த லிஸ்டில் இருந்தது இதுதான். கடைக்கு 410 ரூபாய்க்கு வந்த ஒரு சிந்தெடிக் புடவை, வருஷம் பூராவும் 650க்குப் போய்க்கொண்டிருக்கும். ஆடிக்கு அதன்மேல் 1,150 என்று சீட்டு ஒட்டுவோம். 40 சதவீதம் தள்ளுபடி போக 690. வைகாசியில் 650 கொடுத்து "என்னங்க இவ்ளோ சொல்றீங்க" என்று முனகிய அதே அக்கா, ஆடியில் 690 கொடுத்துவிட்டு பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து இரண்டாக எடுத்துப் போவார். கணக்கில் நாற்பது ரூபாய் நட்டம், மனசில் நானூற்று அறுபது ரூபாய் லாபம்.

எல்லாமே ஏமாற்று என்று சொன்னால் பொய்யாகிவிடும். ஆடியில் கல்யாணம் வைக்க மாட்டோம், விசேஷம் இல்லை, கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான், தீபாவளிக்குப் புதுச் சரக்கு வருமுன் பழையதைக் காலி பண்ண வேண்டும், இதெல்லாம் உண்மை. போன தீபாவளிக்கு வந்து விற்காமல் தங்கிய சரக்கை நிஜமாகவே வாங்கின விலைக்கும் கீழே கொடுப்பார்கள். அது வாசல் ஸ்டாண்டில் தொங்கும். அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு "ஆமாம்டி, நெஜமாவே கொறச்சுதான் போட்டிருக்கான்" என்று உள்ளே நுழைகிறவர்கள் எடுப்பது என்னவோ அந்த 1,150 சீட்டு ஒட்டியதைத்தான். வாசலில் இருக்கும் உண்மை, உள்ளே இருக்கும் பொய்க்கு ஜாமீன் நிற்கும்.

புடவை காட்டுவதிலும் ஒரு முறை உண்டு. "மேல இருந்து எறக்கணும்" என்பார் எங்கள் சீனியர். இரண்டாயிரம் ரூபாய் பட்ஜெட் என்று வந்து உட்கார்ந்தவருக்கும் முதலில் ஆறாயிரத்து ஐந்நூறைத்தான் விரிப்போம். "சும்மா பாருங்கக்கா, காசா பணமா". அப்புறம் நாலாயிரம். அப்புறம் மூவாயிரத்து இருநூறு. இந்த மூவாயிரத்து இருநூறு வரும்போது அவர் முகத்தில் ஒரு தெளிவு வரும் பாருங்கள், வெயிலில் நடந்து வந்தவனுக்கு மோர் கொடுத்த மாதிரி. வந்தது இரண்டாயிரத்துக்கு என்பதே மறந்து போயிருக்கும்.

இதற்கு ஆராய்ச்சி இருக்கிறது என்று பல வருஷம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். அமோஸ் ட்வெர்ஸ்கி, டேனியல் கானமன் என்று இரண்டு உளவியல்காரர்கள் 1974ல் எழுதிய கட்டுரையில் ஒரு சோதனையைச் சொல்கிறார்கள். ஆட்களுக்கு முன்னால் திருவிழாவில் சுற்றுவது மாதிரி ஒரு எண் சக்கரத்தைச் சுற்றுவார்கள். அது 10ல் அல்லது 65ல்தான் நிற்கும், அப்படி செட் பண்ணி வைத்திருந்தது. அப்புறம் சம்பந்தமே இல்லாத ஒரு கேள்வி: ஐ.நா. சபையில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம்? சக்கரத்தில் 10 பார்த்தவர்கள் நடுத்தரமாக 25 என்றார்கள், 65 பார்த்தவர்கள் 45 என்றார்கள். சக்கரத்துக்கும் ஆப்பிரிக்காவுக்கும் என்ன சம்பந்தம்? ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய் பட்டுக்கும் அந்த அக்காவின் தேவைக்கும் என்ன சம்பந்தமோ அதேதான். முதலில் காதில் விழுந்த எண்ணில் மனசு முளையடித்துக் கட்டிப் போட்ட மாடாகிவிடுகிறது. கயிறு எட்டுகிற தூரம்தான் மேயும். கானமனுக்கு 2002ல் பொருளாதார நோபல் கொடுத்தார்கள். எங்கள் சீனியருக்குத் தீபாவளி போனஸ் கொடுத்தார்கள்.

இந்த 'அடித்த விலை' விளையாட்டுக்கு நம் நாட்டில் அரசாங்க முத்திரை மாதிரி ஒன்று வசதியாகக் கிடைத்துவிட்டது, அதுதான் எம்ஆர்பி. 1990ல் விதிகளைத் திருத்தி, பொட்டலத்தில் அடைத்து விற்கும் பொருளில் எல்லா வரியும் சேர்த்து அதிகபட்ச சில்லறை விலையை அச்சடிக்க வேண்டும் என்றார்கள். அதற்கு மேல் விற்றால் குற்றம், இதற்குமேல் கேட்காதே என்று வியாபாரிக்குப் போட்ட வேலி. ஆனால் வேலி எங்கே என்று தீர்மானிப்பது கம்பெனிதான். சோப்பு, பிஸ்கட்டில் அது உண்மையான விலைக்குப் பக்கத்தில் நிற்கும். குக்கர், மிக்ஸி, செருப்பு, பேக் என்று போகும்போது யாரும் கொடுக்காத ஒரு எண்ணை அங்கே அச்சடித்து வைப்பார்கள், ஏனென்றால் அந்த எண்ணின் வேலையே அடிபடுவதுதான். என் குக்கர்மேல் இருந்த 4,495ஐ இந்த மாவட்டத்தில் யாராவது கொடுத்து வாங்கியிருந்தால் அவருக்குப் பொன்னாடை போர்த்தலாம்.

அம்மா இதிலெல்லாம் மாட்ட மாட்டாள் என்று நினைத்திருந்தேன். அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும், விலைச் சீட்டைப் பார்க்கிற பழக்கம் இல்லை, வாயால் கேட்டுத்தான் வாங்குவாள். ஒரு தடவை செருப்புக் கடையில் பையன் "தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்போது" என்றான். "ஆயிரம்னு சொல்லேன், ஏன் மூச்சு வாங்குற" என்றாள். நம்ம ஊரில் பாட்டா விலை என்றே இதற்குப் பேர். அந்த 99 கண்ணுக்கான தந்திரம், இடமிருந்து படிக்கும் கண் முதல் எண்ணைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடும் என்பார்கள். மனோஜ் தாமஸ், விக்கி மார்விட்ஸ் என்ற இருவர் 2005ல் இதைச் சோதித்து, இடப்பக்க எண் மாறும்போதுதான் இது பலிக்கிறது என்று காட்டினார்கள். அதாவது 3.00 என்ற விலை 2.99 ஆகிவிட்டால் ரொம்பக் குறைந்த மாதிரி தெரியும், 3.60 என்பது 3.59 ஆகிவிட்டால் ஒன்றும் தெரியாது.

ஆனால் இதைத் தமிழில் காதால் கேட்டுப் பாருங்கள். 'தொள்ளாயிரம்' என்ற சொல்லுக்குள்ளேயே ஆயிரம் உட்கார்ந்திருக்கிறது. 'தொண்ணூறு'க்குள் நூறு உட்கார்ந்திருக்கிறது. எட்டுக்குப் பிறகு நம் மொழி அடுத்த படியில் காலை வைத்துவிடுகிறது. 999ஐ வாயால் சொன்னால் ஆயிரத்தை விடப் பெரிசாகவே கேட்கிறது. இது என் சொந்தக் கண்டுபிடிப்பு, யாரும் சோதித்ததாகப் படித்ததில்லை. ஆனால் போச்சம்பள்ளி சந்தையில் எவனாவது "தக்காளி பத்தொம்போது ரூபா" என்று கூவிக் கேட்டிருக்கிறீர்களா? பத்து, இருபது, முப்பது, அம்பது. அங்கே விலைச் சீட்டு கிடையாது, அதனால் தொண்ணூற்றொன்பதும் கிடையாது.

சந்தைக்காரர்கள் அப்பாவிகள் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்களிடம் இருக்கிற வித்தை வேறு. கூறு.

ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளி சந்தைக்குப் போனவர்களுக்குத் தெரியும், சாக்கை விரித்து தக்காளியைக் கூறு கூறாக அடுக்கி வைத்திருப்பார்கள். தராசு இல்லை. கூறு இருபது ரூபாய். நல்ல சிவப்பாக, உருண்டையாக இருப்பது கூம்பின் உச்சியில். அடியில் இருப்பது கடவுளுக்கே வெளிச்சம். இந்தக் கூறு விலை மாறவே மாறாது. ராயக்கோட்டை மண்டியில் தக்காளி ஏறினாலும் இறங்கினாலும் கூறு இருபதுதான், கூறில் இருக்கிற தக்காளிதான் பதினாறு, பன்னிரண்டு, ஒன்பது என்று மாறும். 'இன்னிக்கு விலை ஏறிப்போச்சு' என்று யாரும் முகம் சுளிக்கத் தேவையில்லை. ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட் வருஷா வருஷம் இளைத்துக்கொண்டே போவது பெரிய கம்பெனிகளின் மூளை என்று எழுதுகிறார்கள். எங்கள் ஊர் தக்காளிக்காரம்மா அதைச் சாக்குமேல் உட்கார்ந்து எத்தனையோ காலமாகச் செய்துகொண்டிருக்கிறார்.

கம்பெனி பொட்டலத்தில் இதைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது, இப்போதெல்லாம் பொட்டலத்தில் எம்ஆர்பிக்குப் பக்கத்தில் ஒரு கிராமுக்கு அல்லது மில்லிக்கு இத்தனை பைசா என்று பொடி எழுத்தில் போடுகிறார்கள், கண்ணாடி போட்டுப் படியுங்கள். அதைப் பார்க்க ஆரம்பித்த பிறகு எனக்கே ஒன்று உறைத்தது. பெரிசாக வாங்கினால் மலிவு என்று நாம் நினைப்பது ஷாம்புவில் பல பிராண்டுக்குத் தலைகீழ். பாட்டிலை விட சாஷே மில்லிக்கு மலிவாக இருக்கும். சாஷே என்ற அந்த யோசனையை நாடு முழுக்கக் கொண்டு போனதில் கடலூர்க்காரர்களுக்குப் பெரிய பங்கு, சிக் ஷாம்புவை 1983ல் சி.கே. ரங்கநாதன் தொடங்கியது அங்கேதான். சில்லறையாக வாங்குகிறவன் ஏழை, மொத்தமாக வாங்குகிறவன் கெட்டிக்காரன் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, கெட்டிக்காரன் பாட்டிலுக்குக் கூடுதலாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறான்.

கூறை வாங்கிப் பையில் கொட்டிய பிறகுதான் அம்மாவின் ஆட்டம் ஆரம்பிக்கும். "கொசுறு போடு." கொத்தமல்லி ஒரு கொத்து, கருவேப்பிலை ஒரு ஈர்க்கு, நாலு பச்சை மிளகாய். இதற்காக நடக்கிற வாக்குவாதம் தக்காளி விலைக்கு நடந்ததே இல்லை. பக்கத்தில் கூறு குறைவாகக் கிடைத்தாலும் கொசுறு போடாதவரிடம் அடுத்த வாரம் போக மாட்டாள். "கை வராத மனுசன்" என்று முடித்துவிடுவாள்.

ரிச்சர்ட் தேலர் என்று ஒரு பொருளாதாரக்காரர், 2017ல் நோபல் வாங்கியவர், 1985ல் எழுதியதை என் மொழியில் சொன்னால் இப்படி: ஒரு பொருளை வாங்கும்போது நமக்கு இரண்டு சந்தோஷம் வருகிறது. ஒன்று பொருளால் வருவது, இன்னொன்று பேரத்தால் வருவது. இரண்டாவதுதான் கொசுறு. அவர் சொன்ன உதாரணம், கடற்கரையில் வெயிலில் படுத்திருக்கும் ஒருவனுக்கு நண்பன் போய் பீர் வாங்கி வருகிறேன் என்கிறான், அதிகபட்சம் எவ்வளவு கொடுப்பாய்? பெரிய ஓட்டலில் வாங்குவதாகச் சொன்னால் 2.65 டாலர் வரை என்றார்கள், பழைய மளிகைக் கடையில் என்றால் 1.50 தான். அதே பாட்டில், குடிப்பது அதே மணலில். நம் பக்கம் பெங்களூரு ஹைவேயில் ஏசி ஓட்டலில் முப்பது ரூபாய் கொடுத்து வாய் திறக்காமல் டீ குடிக்கிறவர்தான், ஊர் பெட்டிக்கடையில் பன்னிரண்டு ரூபாய் டீ பதினைந்து ஆனதற்கு ஒரு வாரம் கடை மாறினார். (அவர் என் சித்தப்பா. படித்தால் கோபிக்க மாட்டார்.)

அக்கா கல்யாணத்துக்கு நகை எடுத்த கதையும் இதுதான். தங்கத்தில் கிராம் விலை எல்லாக் கடையிலும் போர்டில் தொங்குகிறது, அதில் யாரும் வாய் திறப்பதில்லை, அது என்னவோ வானிலை மாதிரி. சண்டையெல்லாம் சேதாரத்தில். ஐந்து பவுன் ஆரத்துக்கு முதல் கடையில் சேதாரம் 12 சதவீதம், பேச்சே இல்லை என்றார்கள். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. இரண்டாவது கடையில் 18ல் ஆரம்பித்து, கால்குலேட்டரைத் தட்டித் தட்டி, மேனேஜரைக் கூப்பிட்டு, மேனேஜர் முதலாளிக்குப் போன் போட்டு, "உங்களுக்காக" 14க்கு இறக்கினார்கள், ஒரு பர்சும் ஜில்லென்று ரோஸ்மில்க்கும் வேறு. அங்கேதான் எடுத்தோம். இரண்டு சதவீதம் அதிகம் கொடுத்து நாலு சதவீதம் குறைத்து வாங்கிய சந்தோஷத்தோடு பஸ் ஏறினோம். நான் கணக்கு பார்க்கிறவன், பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். ரோஸ்மில்க் நன்றாக இருந்தது.

இப்போது என் பாவத்துக்கு வருகிறேன்.

எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் மாந்தோப்பு. பாதி பெங்களூரா, மிச்சம் செந்தூராவும் அல்போன்சாவும். வெளியூர்க்காரர்கள் தோத்தாபுரி என்று சொல்வதைத்தான் நாங்கள் பெங்களூரா என்போம், கிளிமூக்கு என்றும் சொல்வார்கள். இது கூழ் பேக்டரிக்குப் போகிற காய். விலையை நாங்கள் சொல்வதில்லை, அவர்கள் சொல்வார்கள். 2025ல் அமோக விளைச்சல், கிலோ ஐந்து ரூபாய் அளவுக்கு விழுந்து, பறிக்கிற கூலிகூட வராது என்று நிறையப் பேர் மரத்திலேயே விட்டார்கள். அதே வாரம் கேஆர்பி அணையைப் பார்க்கக் குடும்பத்தோடு போனேன், அங்கே அதே பெங்களூராவைக் கீறி உப்பும் மிளகாய்த்தூளும் தடவி காய் இருபது ரூபாய். நானே இரண்டு வாங்கிக் குழந்தைகளுக்குக் கொடுத்தேன், பேரம் பேசவில்லை. கத்தியும் மிளகாய்த்தூளும் வந்ததும் அது விளைச்சலாக இல்லாமல் தீனியாகிவிட்டது, தீனிக்கு வேறு கணக்கு.

அதற்கு முந்தின வருஷம் மச்சானும் நானும் சித்திரைக் கடைசியில் ஹைவே ஓரம் பந்தல் போட்டு நாங்களே விற்றோம். சனி ஞாயிறு பெங்களூரு காரெல்லாம் அந்த வழிதான். முதல் வாரம் செந்தூரா கிலோ ஐம்பது என்று அட்டையில் எழுதி வைத்தோம். நியாயமான விலை. கார் நிற்கும், கண்ணாடி இறங்கும், "ஏன் இவ்ளோ கம்மி? கல்லு வெச்சதா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். கல்லு என்றால் கார்பைடு. எங்கள் பழம் வைக்கோலில் பழுத்தது, சத்தியம் பண்ணினாலும் நம்பவில்லை. மச்சான் கடுப்பாகி அட்டையைத் திருப்பி எண்பது என்று எழுதினான். அன்றைக்குப் பிறகு கல்லு பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை. ஒரு அம்மா "வாசனையே வேற" என்றுகூடச் சொன்னார். அதே மரம், அதே வைக்கோல். மேலே சேர்ந்த முப்பது ரூபாயில்தான் அந்த வாசனை வந்திருக்க வேண்டும்.

இது மச்சான் செய்தது. அடுத்தது நான். அல்போன்சாவை அட்டைப் பெட்டியில் போட்டு, மூன்று கிலோ 300, ஐந்து கிலோ 475 என்று வைத்தோம். எல்லோரும் மூன்று கிலோவையே எடுத்தார்கள். ஐந்து கிலோ பெட்டி வெயிலில் காய்ந்தது. எனக்கு எங்கோ படித்தது ஞாபகம் வந்து, நடுவில் நாலு கிலோ பெட்டி ஒன்றை 450 என்று வைத்தேன். அதை யாரும் வாங்க வேண்டும் என்று வைக்கவில்லை. அன்று சாயங்காலம்வரை அதில் இரண்டோ மூன்றோதான் போனது. ஆனால் வருகிறவர்கள் நாலு கிலோவைப் பார்ப்பார்கள், ஐந்து கிலோவைப் பார்ப்பார்கள், "இருபத்தஞ்சு ரூபாதான் வித்தியாசமா? அப்ப அஞ்சு கிலோவே குடுங்க" என்பார்கள். மூன்று கிலோ பெட்டி என்று ஒன்று இருப்பதே பாதிப் பேர் கண்ணில் படவில்லை. ஜோயல் ஹ்யூபர், ஜான் பெய்ன், கிறிஸ்டோபர் புட்டோ என்ற மூவர் 1982லேயே இதை எழுதிவிட்டார்கள், தோற்பதற்காகவே ஒன்றைப் பக்கத்தில் நிறுத்தினால் மற்றது ஜெயிக்கும் என்று. பெண் பார்க்கப் போகும்போது யாரைக் கூட அழைத்துப் போக வேண்டும் என்று நம்ம ஊரில் சொல்வார்களே, அந்த ஞானம்தான். மச்சான் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "ஓசூர்ல இதத்தான் சொல்லித் தர்றாங்களா?" என்றான். அந்த வாரம் பெட்டியெல்லாம் காலி.

நேர்மையாக ஒரே விலை வைத்தால் என்ன என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் ஜேசி பென்னி என்ற பெரிய கடைச் சங்கிலி 2012ல் அதைத்தான் செய்தது. ஆப்பிள் கடைகளை நடத்தியவர் ரான் ஜான்சன், அவர் வந்து கூப்பன், தள்ளுபடி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஏமாற்று இல்லாத விலையை நேராக எழுதி வைத்தார். அந்த வருஷம் விற்பனை கால்வாசி விழுந்தது. 2013 ஏப்ரலில் அவரை அனுப்பிவிட்டு, பழையபடி விலையை ஏற்றி அடித்து எழுத ஆரம்பித்தார்கள். எனக்கு இதைப் படித்தபோது அந்த 12 சதவீத நகைக் கடை ஞாபகம்தான் வந்தது. பேச்சே இல்லை என்று சொன்ன அந்தப் பையன் உண்மையைத்தான் சொன்னான், நாங்கள்தான் எழுந்து வந்துவிட்டோம்.

எண்ணையே வெளியே காட்டாத ஒரு வியாபாரமும் எங்கள் பக்கம் உண்டு. சின்ன வயசில் தாத்தாவோடு மாட்டுச் சந்தைக்குப் போயிருக்கிறேன். தரகர்கள் தோள் துண்டை எடுத்து இரண்டு பேர் கைமேலும் போடுவார்கள். துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவார்கள். வாய் தெலுங்கிலும் கன்னடத்திலும் தமிழிலும் மழையைப் பற்றி, மாட்டின் பல்லைப் பற்றி என்னென்னவோ பேசிக்கொண்டிருக்கும், கணக்கு துண்டுக்குள் நடக்கும். சுற்றி நிற்கிற இருபது பேருக்கும் ஒரு எண்ணும் தெரியாது. ஏன் தாத்தா மறைக்கிறாங்க என்று கேட்டேன். "அவன் இந்த வெலய கேட்டுட்டா அடுத்த மாட்டுக்கும் அதையே புடிச்சுக்குவான்" என்றார். சக்கரத்தையும் 10, 65ஐயும் அவர் கேள்விப்பட்டதில்லை. ஜவுளிக் கடையில் நாங்கள் யாரும் கொடுக்காத விலையைப் பெரிசாக எழுதித் தொங்கவிட்டோம், இவர்கள் கொடுக்கப் போகிற விலையைத் துண்டுபோட்டு மூடினார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு போச்சம்பள்ளிக்குப் போனேன், குக்கர் விஷயத்தில் அடங்கியிருந்தேன், பை தூக்குவதோடு சரி. தக்காளி கூறு இருபது. அம்மா நாலு சாக்கைப் பார்த்துவிட்டு வழக்கமான தக்காளிக்காரம்மாவிடமே வந்து, இரண்டு கூறுக்கு முப்பத்தஞ்சு கேட்டு, அவர் முடியாது என்று கூறைக் கலைக்கப் போக, கடைசியில் நாற்பதுக்கே வாங்கி, ஆனால் கொசுறாகக் கொத்தமல்லியும் கருவேப்பிலையும் இரண்டு எலுமிச்சம்பழமும் பிடுங்கிக்கொண்டாள். பஸ்ஸில் அந்த எலுமிச்சம்பழத்தை இரண்டு தடவை எடுத்து மோந்து பார்த்தாள்.

வீட்டில் பையைக் கொட்டினால் கூறின் அடியில் இருந்த ஆறு தக்காளி நசுங்கி, ஒன்றில் பூஞ்சை. நான் ஒன்றும் சொல்லாமல் அம்மாவைப் பார்த்தேன். அவள் கத்தியை எடுத்துக் கெட்டதை அரிந்து எறிந்துவிட்டு, நல்ல பாதியைப் புதுக் குக்கரில் போட்டாள்.

"எலுமிச்சம்பழம் குடுத்தா இல்ல, விடு" என்றாள்.